மணல் அறையில் பேசக் கூடாது

பேசக் கூடாதாம் சார். நீங்களே சொல்லுங்க... வேண்டாம் வேண்டாம், நீங்க சொல்லாதீங்க. மூஞ்சியில களிமண் அப்பியிருக்கு, வாயைத் திறந்தா வெடிச்சிடும். நீங்க பாட்டுக்குப் படுத்திருங்க. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கறேன், எனக்கு அது பழக்கம்தான்.

அதாவது சார், ஒரு மனுஷனைக் கழுத்து வரைக்கும் சுடு மணல்ல மூடி வெச்சாச்சு. பக்கத்துல இன்னொரு மனுஷன் மண்வெட்டியோட நிக்கிறான். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் ஒரே அறைக்குள்ள. இவனும் பேச மாட்டான், அவனும் பேச மாட்டான்னா அதுக்குப் பேரு என்ன? அதைத்தானே நான் முப்பது வருஷமா பண்ணிக்கிட்டு இருந்தேன். அதுக்குப் பேரு அடக்கம். இங்க நடக்கறது சிகிச்சை. ரெண்டுக்கும் ஏதாவது ஒரு வித்தியாசம் வேண்டாமா? பேச்சுதான் சார் வித்தியாசம். இதை, இந்த இடத்தை நடத்தற என் மாப்பிள்ளைகிட்ட எடுத்துச் சொன்னேன். அவர் கண்ணை மூடி, மூச்சை நல்லா உள்ள இழுத்து, மெதுவா வெளிய விட்டார். அதுவும் ஒரு சிகிச்சைதான், ஏதோ மலைநாட்டுல கத்துக்கிட்டு வந்தது. என்கிட்ட பேசும்போது மட்டும்தான் அதைச் செய்வார்.

கையை உள்ள வைங்க சார். இதோ, இந்தக் கை. விரலை நீட்டி வைங்க, மடக்கினா இடுக்குல மணல் புகுந்து நமநமன்னு இருக்கும். ஆங், அப்படித்தான். இன்னும் ரெண்டு வெட்டு போட்டா நெஞ்சுப் பக்கம் முடிஞ்சிடும். கொஞ்சம் பாரமா இருக்கும், பயந்துக்காதீங்க. மேல வர்ற மணல் இவ்வளவுதான். நான் முன்னாடி பாத்த வேலையில இதுக்கப்புறம்தான் நிறைய இருக்கும்.

கல்லறைத் தோட்டம் சார். குழி வெட்டறது, மூடறது, புல்லை ஒதுக்கறது எல்லாமே நான்தான். அங்க வேலை போனதுக்கு நான் காரணம் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். இடம் நிரம்பிடுச்சு. வரிசைக்கு நடுவுல விட்டிருந்த நடைபாதையும் போயி, தண்ணிக் குழாய்ப் பக்கம் வரைக்கும் வந்தாச்சு. ஒரு நாள் ஆபீஸ்ல இருந்து வந்து கேட்டுல பலகை மாட்டிட்டாங்க, இனிமே யாரும் வராதீங்கன்னு. வேலையை ஒழுங்கா செஞ்சு முடிச்சதுக்காகவே வேலை போன ஆளு இந்த ஊர்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

கடைசிக் குழியை மூடிட்டு, கேட்டைப் பூட்டி, சாவியைக் குடுக்க மனசில்லாம அங்கயே சுத்தி சுத்தி வந்ததைப் போன வாரம் ஒரு அம்மாகிட்ட சொன்னேன். நீங்க படுத்திருக்கிற இதே இடம்தான். சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்த அம்மாவோட கண்ணோரத்துல இருந்து தண்ணி வழியுது சார். களிமண்ணுல கோடு போட்ட மாதிரி இறங்குது. நான் பேசி ஒருத்தர் அழுதது அதுதான் முதல் தடவை. முப்பது வருஷமும் என் பக்கத்துல நின்னு நிறைய பேர் அழுதிருக்காங்க, ஆனா அதுக்கும் என் பேச்சுக்கும் சம்பந்தம் இல்ல.

வீட்டுல பேசறதுன்னு ஒண்ணு கிடையாது எனக்கு. என் வீட்டுக்காரி காலையில கண்ணு முழிக்கும்போது ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பா சார். அது ராத்திரி விளக்கை அணைக்கும்போதுதான் முடியும். நடுவுல அவ மூச்சு வாங்கற இடம் பாத்து நுழையலாம்னா, அவ மூச்சு வாங்கி நான் பாத்ததில்ல. நான் வாயைத் திறக்கறதே கொட்டாவி விடத்தான். அதனாலதான் வேலைக்குப் போற இடத்துல நாலு வார்த்தை பேசிட்டு வர்றது. அங்க என்ன, எல்லாரும் அமைதியா கேப்பாங்க. மூடி முடிச்சிட்டு மண்வெட்டியைச் சாய்ச்சு வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன்னா சாயங்காலம் வரைக்கும் போகும். குறுக்க ஒரு பேச்சு வராது. ஆனா, ஒண்ணு சொல்லணும் சார். ஒரு குறை இருந்துச்சு. அவங்க கேக்கறாங்களா இல்லையான்னு கடைசி வரைக்கும் தெரியாது. இங்க பாருங்க, நீங்க இருக்கீங்க, மூச்சு வாங்கறீங்க, கண்ணு மேல போட்ட ஈரத் துணிக்கு அடியில இமை துடிக்குது... அதுவே எவ்வளவு பெரிய விஷயம்.

மாப்பிள்ளை கதையைக் கேளுங்க. அவர் கப்பல்ல முடி வெட்டிக்கிட்டு இருந்தவர். பெரிய சுற்றுலாக் கப்பல். கரைக்கு வந்ததும் பயணிங்க எல்லாம் கோபுரம், அருவின்னு பாக்கப் போவாங்க. இவர் மட்டும் அந்தந்த ஊர் ஆளுங்க தங்களோட உடம்பை என்ன பாடு படுத்தறாங்கன்னு பாக்கப் போவாராம். ஒரு ஊர்ல பச்சை இலைக் கொத்தால முதுகுல அடிச்சுக்கறாங்க. இன்னொரு ஊர்ல குருவி எச்சத்தைப் பொடி பண்ணி மூஞ்சியில பூசிக்கறாங்க. எல்லாத்தையும் பாத்து வெச்சுக்கிட்டு ஊருக்கு வந்தார். பழைய டயர் கிடங்கு ஒண்ணை வாடகைக்கு எடுத்து, தடுப்புப் போட்டு, ஒவ்வொரு அறைக்கும் ஒரு நாட்டு வைத்தியம்னு ஆரம்பிச்சிட்டார். எந்த நாடுன்னு யாராவது கேட்டா ஜன்னல் பக்கம் கையைக் காட்டுவார். மழைக்காலத்துல இன்னும் லேசா டயர் வாசனை வரும். அதையும் ஒரு சிகிச்சைன்னு சொல்லிடுவாரோன்னு எனக்கு ஒரு பயம்.

மத்த அறைக்கெல்லாம் ஆள் கிடைச்சுட்டாங்க. இந்த மணல் அறைக்குத்தான் யாரும் நிக்கல. ஒருத்தன் மணலை மூஞ்சியிலயே கொட்டிட்டான். இன்னொருத்தன் நல்லா மூடினான், ஆனா திரும்ப எடுக்கத் தெரியாம ஆளை அக்குள்ல பிடிச்சு இழுத்திருக்கான், கிழங்கைப் பிடுங்கற மாதிரி. அப்பதான் என் பொண்ணு சொல்லியிருக்கா, எங்க அப்பா சும்மாதானே வீட்டுல இருக்கார்னு. மாப்பிள்ளை ரொம்ப யோசிச்சாராம். நான் யோசிக்கவே இல்ல. என் வீட்டுக்காரி பேசிக்கிட்டு இருக்கும்போதே செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

ஆனா முதல் நாள் கொஞ்சம் சொதப்பிடுச்சு. பழக்கம் சார், கை தானா போகுது. குழி எவ்வளவு ஆழம்னு யாரும் சொல்லல. நான் வழக்கமான ஆழத்துக்கு வெட்டி வெச்சுட்டேன். முதல்ல வந்தவர் குனிஞ்சு பாத்தார், நிமிர்ந்து என்னைப் பாத்தார், வந்த வழியே அங்கியோடயே போயிட்டார். சரின்னு மேலோட்டமா வெட்டி, அடுத்து வந்த அம்மாவைப் படுக்க வெச்சு, மூடி, மேடெல்லாம் நிரவி, மண்வெட்டியால தட்டிக் குடுத்து... எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியில மண்வெட்டியைச் சாத்திட்டு, ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு நின்னுட்டேன். ஒரு நிமிஷம்தான். அந்த அம்மா கண்ணைத் திறந்து பாத்திருக்காங்க. அலறின அலறல்ல பக்கத்து அறையில நத்தையெல்லாம் ஓட்டுக்குள்ள போயிடுச்சு.

நத்தைன்னதும் ஞாபகம் வருது. அங்க நத்தை அக்கான்னு ஒருத்தி. முகத்துல நத்தையை ஊர விடறது அவ வேலை. அது போற வழியெல்லாம் பளபளப்பு வருமாம். அவ நத்தைங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கா சார். வாடா ராசா, இந்தப் பக்கம் வாடா, மூக்கு மேல ஏறாதடா செல்லம்னு. அதுக்கு மாப்பிள்ளை ஒண்ணும் சொல்றதில்ல. நத்தைகிட்ட பேசலாமாம், மனுஷன்கிட்ட பேசக் கூடாதாம். இத்தனைக்கும் ஒரு தடவை நத்தை ஒண்ணு ஒரு அம்மாவோட கொண்டைக்குள்ள ஏறி பஸ்ஸுல வீடு வரைக்கும் போயிடுச்சு. அந்த அம்மா மறுநாள் அதைச் சாப்பாட்டு டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டு வந்தாங்க, துணைக்கு ஒரு கீரை இலையும் வெச்சு. என் மணல் யார் கூடவாவது பஸ் ஏறியிருக்கா? சரி, கொஞ்சம் போயிருக்கும். சட்டைப் பையில, காது மடிப்புல...

காதுன்னதும் கேக்கணும்னு நினைச்சேன். என் பொண்ணு உங்க காதுல ஏதோ பண்ணினாளா? வாசல்ல நீல அங்கி போட்டுக்கிட்டு நின்னாளே, அவதான் என் பொண்ணு. உங்களுக்குக் களிமண் பூசி, தலையைச் சுத்தித் துண்டை இறுக்கிக் கட்டி அனுப்பினவ. போன மாசத்துல இருந்து வர்றவங்க காதையெல்லாம் பிடிச்சு என்னமோ பண்ணிக்கிட்டு இருக்கா. என்னடி அதுன்னு கேட்டேன். காது சிகிச்சைப்பா, புதுசுன்னா. காதுக்கு என்ன சிகிச்சை வேண்டியிருக்கு? ஆனா அவ சொல்றதும் சரியா இருக்கலாம். வீட்டுல எதையெதையோ கேட்டுட்டுத்தானே எல்லாரும் இங்க வர்றாங்க.

இருங்க, மூக்கு சுழிக்குதே. அரிக்குதா? எந்தப் பக்கம்? இங்கயா... இங்கயா... சரி, பொதுவா சொறிஞ்சு விடறேன். வேர்வையும் துடைச்சிடறேன். நல்லா இறங்குது, உங்களுக்கு நல்ல உடம்பு சார். வரும்போதே பாத்தேன். எனக்கு அளவு எடுக்கவே வேண்டாம், ஆளைப் பாத்ததும் நீளம் அகலம் வந்து நின்னுடும். மாப்பிள்ளை பொண்ணு பாக்க வந்தப்பவே எனக்கு அவர் அளவு தெரியும். அதை அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்னு வீட்டுக்காரிக்கு இன்னும் கோபம்.

அந்தப் பெட்டியைப் பத்திச் சொல்றேன். அதுதான் முக்கியம், கவனமா கேளுங்க. வெளிக் கதவுக்குப் பக்கத்துல மூணு மூஞ்சி போட்ட பெட்டி ஒண்ணு மாட்டியிருக்கார். பச்சை மூஞ்சி சிரிக்கும். மஞ்சள் சும்மா பாக்கும். சிவப்பு உம்முன்னு இருக்கும். போகும்போது ஒண்ணை அழுத்திட்டுப் போகணும். பச்சையை அழுத்தினா கிணுங்குன்னு மணிச் சத்தம். சிவப்பை அழுத்தினா ஆடு தும்மின மாதிரி. எங்க இருந்தாலும் கேக்கும் சார். அந்த ஆடு தும்மினா மாப்பிள்ளை அவர் அறையை விட்டு வெளிய வருவார். காலையில வீட்டுல என்னைப் பாத்ததும் எழுந்து நின்னு மாமா உக்காருங்கன்னு நாற்காலி இழுத்துப் போடற மனுஷன், இங்க வந்து, பெரியவரே, கொஞ்சம் உள்ள வாங்கன்னு கூப்பிடுவார். நான் உள்ள போயி, சொல்லுங்க சார்ங்கணும். பொண்ணு குடுத்த இடத்துல கை கட்டி நிக்கறது இருக்கே... சரி விடுங்க.

எனக்கு விழுந்த சிவப்பு எதுவும் நியாயமான சிவப்பு இல்ல. நீங்களே யோசிச்சுப் பாருங்க. இந்த அறைக்கு ஒரு பலகை வேணும், நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்க மாமான்னு மாப்பிள்ளைதான் கேட்டார். அப்ப இன்னும் பேச்சு வார்த்தை இருந்துச்சு. நான் படிச்சதெல்லாம் கல்லறைக் கல்லுதான். தமிழ் எனக்கு அங்கதான் வந்துச்சு. அமைதியில் இளைப்பாறுங்கள்னு எழுதச் சொன்னேன். அதுல என்ன சார் தப்பு? அமைதி இருக்கு, இளைப்பாறல் இருக்கு, இலக்கணமும் சரியா இருக்கு. அவரும் சந்தோஷமா எழுதி, பூ வரைஞ்சு மாட்டிட்டார். ஒரே நாள்ல ஆடு ஓயாம தும்முது. இப்ப அதை எடுத்துட்டு வெறும் அமைதின்னு மட்டும் வெச்சிருக்கார். அது எனக்காக வெச்சதுன்னு நத்தை அக்கா சொல்றா.

அப்புறம் தீ அறை. முதுகுல ஈரத் துணியைப் போட்டு, மேல ஸ்பிரிட்டை ஊத்திப் பத்த வைக்கிறாங்க. குபுக்குன்னு எரியும், உடனே இன்னொரு துணியைப் போட்டு அணைச்சிடுவாங்க. வலியெல்லாம் போயிடுமாம். போகாம? அந்த அறைக்கு எதிர்லதான் இந்த அறை. ஒரு நாள் புருஷனும் பொண்டாட்டியுமா ரெண்டு பேர், எதுக்குள்ள போறதுன்னு தெரியாம நடுவுல நின்னு முழிச்சுக்கிட்டு இருந்தாங்க. உதவி பண்ணலாமேன்னு போயி, எரிக்கணும்னாலும் சரி, புதைக்கணும்னாலும் சரி, ரெண்டுக்கும் இங்கயே வசதி இருக்குங்கன்னேன். ரெண்டு பேரும் ஜோடியா போயி ஆளுக்கொரு சிவப்பு.

பீர்த் தொட்டி அறையில ஒருத்தர் கழுத்தளவு இறங்கி இடுப்பளவுல ஏறினார், தெரியுமா? குடிக்கக் கூடாதுன்னு எழுதித்தான் வெச்சிருக்காங்க. ஏறினவர் நேரா நடக்க முடியாம பெட்டிகிட்ட போயி மூணு மூஞ்சிக்கும் முத்தம் குடுத்திருக்கார், மூணும் ஒண்ணா கத்துச்சு. அதுல அந்த அறைக்கு ஒரு பச்சை கணக்காயிடுச்சு. அறை வாங்கிட்டுப் போறவங்க கூட பச்சைதான் அழுத்தறாங்க சார். ஆமா, கன்னத்துல அறைஞ்சு தோலை இறுக்கற அறை ஒண்ணு இருக்கு. அந்தம்மா தங்கமானவங்க, வேலை நேரத்துல மட்டும்தான் கை நீளம். ஒரு நாள் அவங்க புருஷன் சாப்பாடு கொண்டு வந்தார். வாங்கறதுக்கு அந்தம்மா கையை நீட்டினாங்க, அவர் அப்படியே குனிஞ்சுட்டார். ஆனா அவங்களுக்கும் பச்சை. இத்தனை பேர் இத்தனையும் பண்ணி பச்சை வாங்கறாங்க. பேசினவன் ஒருத்தன், அவனுக்கு சிவப்பு.

இப்ப என்னன்னா, மாப்பிள்ளை கடைசியா சொல்லிட்டார். இனி ஒரே ஒரு சிவப்பு. அது விழுந்தா நான் மீன் அறைக்குப் போகணும்.

மீன் அறையை நீங்க வரும்போது பாத்திருப்பீங்களே, இடது பக்கம். நீளமா பெஞ்சு போட்டு, எல்லாரும் வரிசையா உக்காந்து காலைத் தொட்டிக்குள்ள தொங்க விட்டிருப்பாங்க. சின்னச் சின்ன மீன் வந்து செத்த தோலைக் கொத்தித் தின்னும். அந்த அறையில ஒரு நிமிஷம் சத்தம் ஓயாது. ஐயோங்கறாங்க, சிரிக்கறாங்க, ஒருத்தி இன்னொருத்தியோட தோளைப் பிடிச்சுக்கிட்டு கிறீச்சுங்கறா, பழக்கமே இல்லாதவங்க ஊரு, பேரு, பசங்க படிப்புன்னு ஆரம்பிச்சிடறாங்க. அங்க போயி நான் என்ன பேசறது? யாருக்குக் கேக்கும்? மீனுக்கா? வலையை வெச்சுக்கிட்டு, தண்ணியை மாத்திக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு நிக்கணும். வீட்டுலயும் அதேதான், இங்கயும் அதேதான்னா எதுக்கு சார் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வர்றது?

அதனால போன மாசத்துல இருந்து நான் திருந்திட்டேன். குரலைத் தணிச்சுட்டேன். கவனிச்சிருப்பீங்களே, எவ்வளவு மெதுவா பேசறேன்னு. அதுக்குப் பலன் இருக்கு சார். அன்னைல இருந்து ஒரு சிவப்பு விழல. எல்லாம் பச்சை. போறவங்க முகத்தைப் பாக்கணுமே, அப்படி ஒரு தெளிவு. ஒருத்தர் நான் சொல்லச் சொல்ல சரியான இடத்துல எல்லாம் பெருமூச்சு விட்டார். அந்த அம்மா அழுதாங்கன்னு சொன்னேனே. மாப்பிள்ளைக்கே ஆச்சரியம். என் பொண்ணுகிட்ட, உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கார். அவ சிரிச்சாளாம். பெருமையா இருக்காதா அவளுக்கு?

நீங்களும் நல்லா கேக்கறீங்க. சில பேரைப் பாத்ததும் தெரிஞ்சிடும். அதனாலதான் உங்ககிட்ட உரிமையோட கேக்கறேன். போகும்போது அந்தச் சிரிக்கிற மூஞ்சியை ஒரு அழுத்து. பச்சை. இடது ஓரம். மறந்துடாதீங்க. சரின்னா கண்ணை ஒரு தடவை அசைச்சுக் காட்டுங்க. ஈரத் துணிக்கு மேல தெரியும் எனக்கு... அசைஞ்சுது, அசைஞ்சுது. நல்ல மனசு சார் உங்களுக்கு.

விளக்கு மாறிடுச்சு. நேரம் ஆச்சு. இருங்க, அவசரப்படாதீங்க, மேல இருக்கறதை நான் எடுத்துடறேன். கை ரெண்டும் வந்தாச்சு. மெதுவா. கால் பக்கம் கடைசியில எடுக்கலாம், சட்டுன்னு எழுந்தா தலை சுத்தும். முதல்ல இந்தத் துண்டைப் பிரிச்சு வேர்வையை ஒத்தி எடுத்துடறேன்... அப்பா, என்னமா இறுக்கியிருக்கா... கண்ணுத் துணியையும் எடுத்துடலாம். சார்? தூங்கறீங்களா? சார்.

இது என்ன, காதுக்குள்ள?

களிமண் உள்ள போயிடுச்சா? இல்லயே, இது வேற என்னமோ. ரோஸ் நிறத்துல, பட்டாணி மாதிரி... மெழுகு. அந்தக் காதுலயும் இருக்கு. ரெண்டுலயும் நல்லா அமுக்கி...

சார். நான் பேசறது கேக்குதா?

...சார்?

ஓஹோ.

காது சிகிச்சையா. போன மாசத்துல இருந்து. அதான் சிவப்பே விழலையா.

என் பொண்ணு சார். என் வாயை மூட முடியாதுன்னு தெரிஞ்சு, வர்றவங்க காதையெல்லாம் அடைச்சிருக்கா. நான் மீன் அறைக்குப் போயிடக் கூடாதுன்னு பண்ணியிருக்கா. கோபிச்சுக்கவும் முடியல. சின்னப் பிள்ளையில, நான் கதை சொன்னா காதைப் பொத்திக்கிட்டுத் தூங்குவா. அப்பவே கவனிச்சிருக்கணும்.

அப்ப அந்த அம்மா அழுதது?... வேர்வை. பெருமூச்சு விட்டவருக்குச் சூடு. இவர் கண்ணை அசைச்சதும்... ஏதோ கனவு.

கேட்டைப் பூட்டிட்டுச் சாவியைக் குடுக்க மனசில்லாம சுத்தினதை, அந்த அம்மாவை விட்டா நான் வேற யார்கிட்டயும் சொன்னதில்ல சார். வீட்டுக்காரிகிட்ட கூட. உங்ககிட்ட சொன்னேன், நீங்க தூங்கிட்டீங்க. அதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? கழுத்து வரைக்கும் மூடி, காதையும் அடைச்சு, மெழுகி விட்டா யாரா இருந்தாலும் தூங்கத்தான் செய்வாங்க. நான் பழைய இடத்துலதான் இருக்கேன் போல. மணல்தான் கொஞ்சம் சூடா இருக்கு.

...

சார், ஒண்ணு தோணுது. கேக்கலைன்னாலும் சொல்றேன். அந்த மீன் அறை. அங்க யார் தலையிலயும் துண்டு கிடையாது. உக்காந்திருக்காங்க. சிரிக்கறாங்க, கத்தறாங்க, எல்லாம் சரி, ஆனா காது திறந்திருக்குல்ல? அந்த ஐயோவுக்கும் அடுத்த ஐயோவுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்குல்ல? என் வீட்டுக்காரிகிட்ட இல்லாத இடைவெளி. அதுல நான் ஒண்ணு சொன்னா யாராவது, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டாங்களா? ஒருத்தர் கேட்டா போதுமே. காலையில ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர். கால் விரலை மீன் கவ்விக்கிட்டு இருக்கும்போது எழுந்து ஓடவும் முடியாது.

நான் எதுக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன்?

இருங்க. இந்தக் காதைக் காட்டுங்க... வந்துடுச்சு. அந்தக் காது... ஆங். சார். எழுந்திருங்க சார். நேரம் ஆச்சு. நல்லா தூங்கினீங்களா? என்னது? வருஷக்கணக்கா இப்படித் தூங்கினதே இல்லையா? அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். நான் ஒண்ணு சொல்றேன், நல்லா கேளுங்க, இப்ப உங்களுக்குக் கேக்கும். போகும்போது அந்தப் பெட்டி இருக்கும் பாருங்க, அதுல சிவப்பை அழுத்துங்க. உம்முன்னு இருக்கற மூஞ்சி, வலது ஓரம். இல்ல சார், விளையாடல. நான் ஒரு மணி நேரமும் பேசிக்கிட்டே இருந்தேன் சார், உங்களுக்குத் தெரியாது. பொணத்தைப் பத்திப் பேசினேன். உங்க நீளத்தைப் பத்திப் பேசினேன். உங்க மூக்கைச் சொறிஞ்சேன். நீங்க சிரிக்கறீங்க... தோளைத் தட்டாதீங்க சார், சிவப்பை அழுத்துங்க. எனக்கு நல்லது பண்ணணும்னா சிவப்பு. ஆமா, குளியல் அந்தப் பக்கம். பாத்துப் போங்க. சிவப்பு சார்... வலது ஓரம்...

...

கிணுங்.

பச்சையை அழுத்திட்டுப் போறான் மனுஷன். அவ்வளவு சொல்லியும். தூங்கி எழுந்தவன்கிட்ட எதையும் கேக்கக் கூடாது, எல்லாத்துக்கும் சிரிப்பு.

வாங்கம்மா, வாங்க. படி இருக்கு, பாத்து. இப்படிப் படுங்க. கால் நீட்டிக்கோங்க. சூடு போதுமா... சரி, உங்களுக்கு இப்ப எதுவும் கேக்காது, தெரியும். தலையை ஆட்டாதீங்க, களிமண் வெடிச்சிடும். இந்தக் கையை உள்ள வைங்க. இந்தக் கையும். ஆங். இன்னும் ரெண்டு வெட்டு... நெஞ்சு முடிஞ்சுது. எங்க, கொஞ்சம் அசைஞ்சு காட்டுங்க? முடியலையா? நல்லது.

இப்ப துண்டைக் கொஞ்சம் தளர்த்தறேன்மா. பயந்துக்காதீங்க, இதுவும் ஒரு சிகிச்சைதான், நானா கண்டுபிடிச்சது. இந்தக் காது... அந்தக் காது...

கேக்குதாம்மா? கேக்குதுல்ல?

பேசக் கூடாதாம் இந்த அறையில. நீங்களே சொல்லுங்க.